நிழல் குறுகும் நேரம்
(கொல்லிமலைச் செம்மேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் ஏறத் தொடங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்ததும் முகத்தில் வந்து படுகின்ற அந்தக் காற்றின் சுகத்தில், நாமக்கல்லிலும் சேந்தமங்கலத்திலும் நம்மை வாட்டி எடுத்த உஷ்ணத்தை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். அத்தகைய குளிர்ந்த இடத்திற்கு வந்து, வெயில் தோலைப் பொசுக்குவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நானே விரும்பிக் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெயிலைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மையை நான் கற்றுக்கொண்டது இந்த மலையில்தான். அதையும் என் முதுகில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தை மாதம். அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, அருவியில் ஆசை தீர நீராடி, ஈரப் பனியனோடு வெயில் விழுந்த ஒரு பாறையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். சாரல் தெறித்துக்கொண்டே இருந்தது. காற்று சில்லென்று வீசியது. இரண்டு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ, கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து மேலே ஏறி வந்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. இரவு படுக்கப் போகும் வேளையில்தான் பிடரியிலும் தோளிலும் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காந்தத் தொடங்கியது. சட்டை உராய்ந்தால் உயிர் போயிற்று. அருவி நீரில் ஏதோ சேரவில்லை என்றும், பாறையில் பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்றும் நான் ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, நான் தங்கியிருந்த வீட்டு மூதாட்டி விளக்கைக் கொண்டுவந்து என் முதுகைப் பார்த்துவிட்டு, “பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல கண்ணு, வெயிலு வாட்டியிருக்குது” என்றார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் குளிர்ந்த நீரில் நனைத்து முதுகில் போட்டு, அது சூடேறச் சூடேற மாற்றிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தேங்காய் எண்ணெய் கேட்டேன். “இப்ப எண்ணெ வேண்டாம்” என்று மறுத்துவிட்டார். சில நாட்களில் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது.

தை மாதத்துக் குளிரில், ஈரத் துணியோடு, கறுத்த தோலுடைய ஒரு தமிழனுக்கு இது எப்படி நேர்ந்தது என்ற கேள்வி அன்று தொட்டு என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் போனால், நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இரண்டு பரிசோதனைகளில் போய் நிற்கிறோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வான சாஸ்திரி, சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் உஷ்ணம் மிகுந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டு, 1801இல், ஜெர்மனியில் ரிட்டர் என்பவர், ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை அந்த நிறமாலையின் மறுகோடியில் வைத்துப் பார்த்தபோது, ஊதாவுக்கு அப்பால், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அது மிக விரைவாகக் கறுத்துப் போவதைக் கண்டார். உஷ்ணம் ஒரு கோடியில். கருக்கும் சக்தி மறுகோடியில். நம் தோலைச் சூடாக்குகின்ற கிரணங்களும், நம் தோலைப் பொசுக்குகின்ற புற ஊதாக் கிரணங்களும் ஒரே சூரியனிடமிருந்து வந்தாலும், அவை இரண்டும் ஒன்றல்ல. சூடு தெரியவில்லை, ஆகையால் வெயில் சுடாது என்று நாம் நினைப்பதற்கு ஆதாரமே இல்லை.

மலையில் இந்த ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் வசிக்கிறீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் உஷ்ணம் ஆறு, ஏழு டிகிரி குறைகிறது. அதே ஆயிரம் மீட்டரில் புற ஊதாக் கிரணங்களின் வலிமையோ சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனெனில் அவற்றை வடிகட்டும் காற்று நம் தலைக்குமேல் அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. மெல்லிய மேகம் கவிந்திருந்தாலும் அவற்றில் பெரும்பங்கு இறங்கி வந்துவிடும். நனைந்த பருத்தித் துணி, உலர்ந்த துணியைவிட அதிகமாக அவற்றை உள்ளே விடும் என்பதையும் நான் பிற்பாடுதான் அறிந்தேன்.

இந்தக் கிரணங்கள் உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் மரபுப் பொருளையே சேதப்படுத்துகின்றன. சேதமுற்ற அணுக்களைக் களைந்து புதியவற்றை உண்டாக்கும் பொருட்டு உடல் அந்த இடத்திற்கு இரத்தத்தைப் பெருக்குகிறது. சிவப்பும் வீக்கமும் காந்தலும் அதன் விளைவுகள். ஆனால் இவையெல்லாம் உடனே தோன்றுவதில்லை. வெயில் பட்டு மூன்று மணி முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் காந்தல் தொடங்குகிறது. பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. நெருப்பைத் தொட்டால் கை தானாக விலகுகிறது. வெயில் சுட்டால், சுடுகின்ற நேரத்தில் உடல் வாய் திறப்பதில்லை.

இவ்விடத்தில், இம்மலையிலே வளர்ந்த ஒரு மகானுபாவரை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்து இம்மலையின் வாழவந்தி நாட்டில் குடியேறி, மருத்துவமும் கல்வியும் கொடுத்து வாழ்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியரை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சல் கண்டு இங்கேயே காலமானார். எவ்லின் அம்மையார் அதன் பிறகும் நெடுங்காலம், தள்ளாத வயதிலும் மலைகளில் குதிரையேறிச் சென்று தொண்டு செய்து, 1974இல் மறைந்தார். அவர்களுடைய குமாரர் பால் பிராண்ட், 1914இல் பிறந்து இம்மலையில் வளர்ந்தவர், பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப் போய் நோவு தெரியாததால், சுடு சட்டியைத் தயங்காமல் பிடித்தும், முள் குத்திய காலோடு நடந்தும் நோயாளிகள் தங்களை அறியாமல் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை அவர் நிலைநாட்டினார். நோவு நமக்குப் பகைவன் அன்று, நம் வீட்டுக் காவல்காரன் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த செய்தி. பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், மரத்துப்போன கைகளுக்கு உறைபோல அணிவித்து, அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவிகளையும் செய்து பார்த்தார். ஒலி கேட்டும், எடுத்த வேலை முடியட்டும் என்று நோயாளிகள் அதைப் பொருட்படுத்தாமல் போனதால் அம்முயற்சி நிறைவேறவில்லை.

அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு என் பாறை நினைவுக்கு வந்தது. வெயிலில் நிற்கும் அந்த மூன்று மணி, ஆறு மணி நேரத்துக்கு நாம் எல்லோருமே நோவு மரத்துப் போனவர்கள். மேனி சொல்லாததை வேறொன்று நமக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு, காசு கொடுத்து வாங்க வேண்டாத கருவி ஒன்று நம் காலடியில் இருக்கிறது. அது நம் நிழல்.

உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால், கிரணங்கள் சாய்வாக, அதிகக் காற்றைக் கடந்து, மெலிந்து வருகின்றன. நிழல் உங்களைவிடக் குட்டையானால், அவை நேரே இறங்குகின்றன. அப்போது தோலை மூட வேண்டும், அல்லது மர நிழலுக்குப் போக வேண்டும். விதி இவ்வளவுதான். இப்பகுதியில், ஆண்டின் பெரும்பாலான நாட்களில், ஏறத்தாழக் காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்று வரை நிழல் ஆளைவிடக் குட்டை. மார்கழியில் சூரியன் தெற்கே எட்டிப்போன நாளிலும்கூட, உச்சிவேளையில் ஆறடி மனிதனுடைய நிழல் நாலேகால் அடியைத் தாண்டாது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வருகிறான். ஆடியில் இம்மலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு வெளியூர் ஜனங்கள் குளிர் காற்றை அனுபவித்துக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல் நாள் முழுவதும் சுற்றுகிறார்களே, அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு ஆறு, ஏழு பாகை தள்ளித்தான் நிற்கிறான். லண்டனிலோ ஆண்டில் சுமார் ஏழு மாத காலம் உச்சி நேரத்திலும் நிழல் ஆளைவிட நீளம். அங்கிருந்து இங்கு வந்த ஆங்கிலேயர்கள் எத்துணை வேறுபட்ட ஒரு சூரியனின்கீழ் வந்து நின்றார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே விளக்கும்.

அவர்களும் அக்காலத்தில் அஞ்சத்தான் செய்தார்கள். ஆனால் அச்சம் வேறு திசையில் போயிற்று. சூரிய கிரணம் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கும், முதுகெலும்பைப் பாதிக்கும் என்று அவர்களுடைய வைத்தியர்களே எழுதியதால், தலையில் சோலா தொப்பியும், முதுகுத்தண்டின்மேல் பஞ்சு வைத்துத் தைத்த பட்டையும் அணிந்துகொண்டார்கள். சோலா என்பது, தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் வெள்ளை வெளேரென்று கோயில் உருவங்கள் செதுக்குகிறார்களே, அந்த நெட்டிதான். மூளையைப் பற்றிய அந்த அபிப்பிராயம் தவறு. இரண்டாம் உலகப்போரில் தொப்பியின்றித் திரிந்த சிப்பாய்களுக்கு ஒன்றும் நேராததைக் கண்ட பின் அது கைவிடப்பட்டது. ஆனால் தொப்பியின் விளிம்பு நெற்றிக்கும் காதுக்கும் பிடரிக்கும் நிழல் தந்தது மெய். கோட்பாடு போனபோது நிழலையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இனி, இப்பேச்சுக்கு உடனடிக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த நாட்டிலிருந்து சூடான நாட்டுக்கு வந்தவர்கள் கதை பழையது. இன்று, குளிர்ந்த இம்மலையிலிருந்து கீழே கட்டட வேலைக்கும், அங்கிருந்து விமானமேறித் துபாய்க்கும் தோஹாவுக்கும் குவைத்துக்கும் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே ஆனி மாதத்தில் உச்சி நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். காய்ந்த மணல், மேலிருந்து விழும் புற ஊதாக் கிரணங்களில் நூற்றுக்கு 15 பங்கை முகத்துக்கே திருப்பி அடிக்கும். அவ்வரசுகளே கோடைக்கு ஓய்வு நேரம் விதித்திருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையும், கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரையும், குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 மணி வரையும் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. இந்த நேரங்களை மனப்பாடமாக அறிந்துகொண்டு செல்லுங்கள். மேஸ்திரி சொல்லித் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாகப் போனவர் முதல் நாளே முழு வேலை செய்யக் கூடாது. உடல் உஷ்ணத்துக்குப் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும்; வேலை நேரத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவதே முறை.

காப்பு என்றவுடன் கடைப் பூச்சுகளை நினைக்கிறோம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, நம் வயற்காட்டிலும் கட்டட வேலையிலும் பெண்கள் புடைவையின்மேல் போட்டுக்கொள்கிற ஆண்பிள்ளைச் சட்டைதான். கணவருடையதோ மகனுடையதோ ஒரு பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டைச் சுற்றி, அதன் நுனியைப் பிடரிமேல் தொங்கவிட்டிருப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நம் தாய்மார்கள் கண்டுபிடித்த இந்த உடைக்கு மிஞ்சிய உடையை எந்த நிபுணரும் எனக்குக் காட்டவில்லை. நெருக்கமாக நெய்த துணி, தளர்ந்த தையல், மூடிய கை, நிழலிட்ட பிடரி. சட்டையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் வெயிலும் ஊடுருவும். கண்ணாடி ஜன்னலருகே வண்டியோட்டுகிறவர்கள், பொசுக்கும் கிரணத்தைக் கண்ணாடி தடுத்தாலும், தோலை மெல்லக் கறுக்கவும் சுருங்கவும் செய்யும் மற்றொரு வகைக் கிரணம் அதைக் கடந்து வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

துணியால் மூட முடியாத முகத்துக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன் பூச்சு உதவும். அதன் மேல் எஸ்.பி.எஃப். என்று எழுதியிருக்கும் எண், பொசுக்கும் கிரணத்தை எவ்வளவு தடுக்கும் என்பதைக் குறிக்கும். 15 என்றால் நூற்றில் 93 பங்கு, 30 என்றால் 97, 50 என்றால் 98. ஆகவே 30க்கு மேல் பெரிய எண்ணுக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. தாராளமாகப் பூச வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்து வழிந்த பின்னும், குளித்த பின்னும் மறுபடி பூச வேண்டும். காலையில் ஒரு பொட்டுத் தடவிவிட்டு மாலை வரை நிற்பவருக்கு அதனால் பயனில்லை.

இம்மலைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் விளைகின்றன. எலுமிச்சைச் சாறு பட்ட கையைக் கழுவாமல் வெயிலில் காட்டினால், அந்தச் சாற்றிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, கொப்புளமும், மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பும் உண்டாக்கும். முகம் பளபளக்கும் என்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெளியே செல்லும் பெண்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு நோஞ்சானாக்கும். மாத்திரை தரும் மருத்துவரிடம் இதைக் கேட்டறிய வேண்டும்.

காந்தல் கண்ட பிறகு செய்ய வேண்டியதை அந்த மூதாட்டி எனக்குக் காட்டிவிட்டார். நான் சேர்ப்பது சொற்பம். உடனே நிழலுக்கு வந்து, நனைத்த மெல்லிய பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் போட்டு, நாளுக்குப் பலமுறை அவ்வாறு செய்யுங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது வெந்த தோலை மேலும் புண்ணாக்கும். தண்ணீர், மோர், நீராகாரம் என்று ஏதேனும் அடிக்கடி குடிக்க வேண்டும். சோற்றுக் கற்றாழையை வெட்டி, வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிப் போக்கிவிட்டு, உள்ளிருக்கும் சதையை மட்டும் தடவலாம். கலமைன் லோஷனும் தடவலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. எண்ணெய், நெய், பற்பசை, மஞ்சள் இவற்றை அப்ப வேண்டாம். உள்ளிருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் அடைபடும், கொப்புளம் உடைந்திருந்தால் சீழும் பிடிக்கும். கொப்புளத்தைக் குத்தவும் கூடாது, உரியும் தோலை இழுக்கவும் கூடாது. அடியில் புதுத்தோல் வளர்வதற்கு அதுவே கூரை. கொப்புளம் உடம்பில் பெரும்பகுதியைப் பிடித்தாலும், குளிர்காய்ச்சலோ வாந்தியோ கண்டாலும், கைக்குழந்தைக்கு இது நேர்ந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வெயிலில் நின்றவர் பிதற்றினாலும், மயங்கினாலும், உடம்பு அனலாகக் கொதித்தாலும் அது தோல் விஷயமே அன்று, உயிர் விஷயம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

நான் கறுப்பாகாமல் இருப்பதற்கு வழி சொல்கிறேன் என்று யாரேனும் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டுகிறேன். கறுப்பு நமக்கு இயற்கை தந்த செல்வம். தோலின் உயிரணுவுக்குள்ளே பார்த்தால், மெலனின் என்னும் கருநிறமி, கருவுக்கு நேர் மேலே குடை பிடித்தாற்போலக் குவிந்து நிற்கிறது. மரபுப் பொருளை வெயிலிலிருந்து காப்பதற்கென்றே அது அங்கே நிற்கிறது. வெள்ளைத் தோலினரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவாக வருவதற்கு அதுவே காரணம். ஆயினும் அது மெல்லிய குடை. நாள் முழுதும் கொட்டும் வெயிலுக்கு ஈடு கொடுக்காது. சிவப்பு நம் தோலில் எளிதில் தெரியாததால், எரிந்ததையே அறியாமல் மறுநாளும் வெயிலில் நிற்கிறோம். கன்னத்தில் மங்கு படர்வதிலும், கண்ணில் புரை விழுவதிலும் வெயிலுக்குப் பங்கு உண்டு.

அந்தக் குடையே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் நம்மிடையே உண்டு. முடியும் இமையும் வெளுத்து, வெளிச்சத்தில் கண் கூசிச் சுருங்கும் அந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிறமி இன்றிப் பிறப்பது தொற்றும் அன்று, பாவத்தின் பலனும் அன்று. நமக்கு மணிக்கணக்கில் ஆவது அவர்களுக்கு நிமிஷக் கணக்கில் ஆகிவிடும். தோல் புற்றுநோய் அவர்களுக்கு இளம் வயதிலேயே வரக்கூடும். வெண்புள்ளி படர்ந்தவர்களுக்கும் அந்த வெளுத்த இடம் மட்டும் அப்படித்தான் எரியும். இங்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது இது: அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், சீருடை விதியைச் சற்றுத் தளர்த்தி முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிய விடுங்கள். ஜன்னல் வெயில் படாத இடத்தில், ஆனால் கரும்பலகைக்கு அருகில் உட்கார வையுங்கள், பார்வையும் அவர்களுக்குக் குறைவாகவே இருக்கும். காலை வழிபாட்டை மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு நேரத்தை, நிழல் ஆளைவிட நீண்டு விழும் மாலைப் பொழுதுக்கு மாற்றிக்கொண்டால், அந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடலாம்.